மால்டாவில் ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்தில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் மால்டா இருக்கிறது. அதன் முதன்மைத் தீவு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நீளமும் 14 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இவ்வளவு சிறிய தீவை ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். மேல்தளம் திறந்த, ஏறி இறங்கும் பேருந்துகளின் விளம்பரங்களும் அந்த எண்ணத்துக்குத் தூபம் போடுகின்றன. அந்தப் பேருந்தில் ஒரு நாளைச் செலவிட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன.

இந்தப் பேருந்து எப்படி இயங்குகிறது?

ஒரு நாளுக்கான டிக்கெட்டை ஒரு முறை வாங்கிக்கொண்டால், குறிப்பிட்ட ஒரு வட்டத்தில் சுற்றிவரும் பேருந்தில் விரும்பிய நிறுத்தத்தில் இறங்கலாம். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். வழிகாட்டி யாரும் உடன் வருவதில்லை. இருக்கைக்கு அருகில் இருக்கும் துளையில் இயர்போனைச் செருகி மொழியைத் தேர்ந்தெடுத்தால், பேருந்து கடந்துசெல்லும் இடங்களைப் பற்றிய பதிவுசெய்யப்பட்ட விளக்கம் ஒலிக்கும். ஏறும்போது இயர்போனும் மடிப்பு வரைபடமும் கொடுப்பார்கள். வரைபடத்தில் நிறுத்தங்களின் எண்களோடு நேரங்களும் அச்சிடப்பட்டிருந்தால் அதைக் கசக்கி எறிந்துவிட வேண்டாம். மாலையில் அதுதான் கைகொடுக்கும்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. மால்டாவில் இந்தச் சேவையை நடத்துவது ஒரு நிறுவனம் மட்டுமல்ல. ஒரு நிறுவனத்தின் டிக்கெட் மற்றொன்றின் பேருந்தில் செல்லாது. இரண்டின் நிறுத்தங்களும் பல இடங்களில் அருகருகே இருப்பதால், வெயிலில் கால் மணி நேரம் வரிசையில் நின்று, வண்டி வந்த பிறகே அது தங்களுடையது அல்ல என்று தெரிந்துகொள்பவர்கள் உண்டு. டிக்கெட்டில் உள்ள பெயரையும் நிறுத்தப் பலகையில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வரிசையில் நில்லுங்கள்.

டிக்கெட்டை எங்கே வாங்குவது? விலை எவ்வளவு?

பெரியவர்களுக்கான ஒரு நாள் டிக்கெட் பொதுவாக 20 யூரோவை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்கும், சிறுவர்களுக்குக் குறைவு. இணையத்தில் முன்பதிவு செய்யலாம், ஓட்டுநரிடமும் வாங்கலாம். ஸ்லீமா நகரின் படகுத்துறை அருகே சிறு மேசை போட்டு விற்பவர்களும் உண்டு. அவர்கள் படகுச் சவாரியையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகத் தர முன்வருவார்கள். தலைநகர் வல்லெட்டாவின் இருபுறமும் உள்ள இரு துறைமுகங்களையும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிக்காட்டும் அந்தப் படகுச் சவாரி நன்றாகவே இருக்கும். ஆனால் அதைப் பேருந்துச் சுற்றின் அதே நாளில் நுழைத்தால் இரண்டுமே கெடும். வேறொரு நாளில் பயன்படுத்த அனுமதிக்கும் டிக்கெட்டாக இருந்தால் மட்டும் சேர்த்து வாங்கலாம்.

வடக்குச் சுற்று, தெற்குச் சுற்று என்று இரண்டு இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு சுற்றுகளும் ஸ்லீமாவில் தொடங்கி, தலைநகர் வல்லெட்டாவைத் தொட்டுவிட்டுப் பிரிகின்றன. வடக்குச் சுற்று அத்தார்ட் ஊரின் சான் அன்டோன் தோட்டம், த'ஆலி கைவினைக் கிராமம், கோட்டை நகரமான இம்தினா, பெரிய குவிமாடத் தேவாலயம் உள்ள மோஸ்தா ஆகியவற்றின் வழியாக வடக்குக் கடற்கரைக்குப் போய், புனித பவுல் விரிகுடாவையும் செயின்ட் ஜூலியன்ஸையும் தொட்டுத் திரும்புகிறது. தெற்குச் சுற்று பெருந்துறைமுகத்தை ஒட்டிய மூன்று நகரங்கள், தர்ஷியென் கோயில்கள், மார்சஷ்லொக் மீனவக் கிராமம், நீலக் குகை, ஹஜார் ஈம் பெருங்கற்காலக் கோயில் என்று போகிறது.

முதன்முறை வருபவர்களுக்கு வடக்குச் சுற்றைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள். என் கருத்து வேறு. இம்தினாவும் மோஸ்தாவும் மால்டாவின் சாதாரணப் பொதுப் பேருந்துகளில் வல்லெட்டாவிலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய இடங்கள். அங்கே போவதற்கு 20 யூரோ செலவழிக்கத் தேவையில்லை. மார்சஷ்லொக், நீலக் குகை, ஹஜார் ஈம் ஆகிய மூன்றையும் பொதுப் பேருந்துகளை மாற்றி மாற்றி ஒரே நாளில் கோத்துப் பார்ப்பதுதான் கடினம், ஏனெனில் அந்தத் தடங்களில் வண்டிகள் அடிக்கடி வருவதில்லை. ஆகவே ஒரு நாள் மட்டும் இந்தப் பேருந்துக்கு ஒதுக்குவதாக இருந்தால் தெற்குச் சுற்றையே தேர்ந்தெடுங்கள். குழந்தைகளோடு வருபவர்களும், வெயிலில் அதிகம் நடக்க இயலாதவர்களும் வடக்குச் சுற்றுக்குப் போவது சரிதான். அங்கே நிழலும் கழிப்பறையும் தேநீர்க் கடையும் சற்று நெருக்கமாகக் கிடைக்கின்றன.

ஒரே நாளில் இரண்டு சுற்றுகளையும் முடிக்க முடியுமா?

வண்டியை விட்டு இறங்காமல் இருந்தால் முடியும். அப்போது நீங்கள் பார்ப்பது மால்டாவின் சாலைகளையும் அவற்றின் நெரிசலையும்தான். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5,19,562 பேர் வாழும் நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன என்பதை நினைவில் கொண்டால், அந்த நெரிசல் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஒரு நாளில் எத்தனை நிறுத்தங்களில் இறங்கலாம்?

மூன்று. விளம்பரத்தில் "எத்தனை முறை வேண்டுமானாலும்" என்று எழுதியிருக்கும். டிக்கெட் அதை அனுமதிக்கவும் செய்யும், கடிகாரம் அனுமதிக்காது.

கணக்கைப் பாருங்கள். முதல் வண்டி காலை 9 மணியை ஒட்டிப் புறப்படுகிறது; ஸ்லீமாவிலிருந்து கடைசி வண்டி பிற்பகல் 3 மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். எங்கும் இறங்காமல் ஒரு சுற்று சுற்றிவருவதற்கே ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். காலை முதல் வண்டியில் ஏறி, கடைசி வண்டியில் திரும்புபவருக்கு, ஓடும் நேரம் போகத் தரையில் நிற்கக் கிடைப்பது ஆறு மணி நேரம்தான். வண்டிகள் பருவத்தைப் பொறுத்து அரை மணி நேரத்துக்கு ஒன்றாகவோ ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாகவோ வருவதால், ஒரு நிறுத்தத்தில் இறங்கினாலே குறைந்தது அந்த இடைவெளி முழுவதும் உங்கள் கணக்கில் கழிகிறது. பார்த்து முடிப்பதற்கு 40 நிமிடம் ஆகும் இடத்தில் 60 நிமிடம் செலவாகும். 70 நிமிடம் வேண்டிய இடத்தில் இரண்டு மணி நேரம் போய்விடும். இதோடு மதியச் சாப்பாட்டையும், நெரிசலில் தாமதமாக வரும் வண்டியையும், இடமில்லை என்று கைவிரித்துவிட்டுப் போகும் வண்டியையும் சேர்த்துக்கொண்டால் நான்காவது இடத்துக்கு நேரம் மிஞ்சாது. நான்காவது நிறுத்தத்திலும் இறங்கிவிட்டதாகப் பெருமைப்படுபவர்களை விசாரித்துப் பார்த்தால், இரண்டாவது நிறுத்தத்தில் கோயில் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

ஆகவே முந்தைய இரவே மூன்று இடங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற நிறுத்தங்களை மேல்தளத்திலிருந்து பார்த்தால் போதும். பார்த்ததில் எது பிடித்ததோ, அதற்கு அடுத்த நாள் பொதுப் பேருந்தில் போய்க்கொள்ளலாம். இந்தப் பேருந்தின் உண்மையான பயன் அதுதான்.

எங்கே ஏறுவது நல்லது?

முடிந்தால் ஸ்லீமாவில் ஏறுங்கள். வண்டி அங்கிருந்துதான் காலியாகக் கிளம்புகிறது; மேல்தளத்தில் விரும்பிய இருக்கை அங்கே ஏறுபவர்களுக்கே கிடைக்கும். சொகுசுக் கப்பலில் வருபவர்கள் வல்லெட்டாவின் கோட்டைச் சுவருக்குக் கீழே உள்ள கப்பல் துறையில் இறங்கி, அங்குள்ள நிறுத்தத்தில் ஏறுவார்கள். இரண்டு பெரிய கப்பல்கள் ஒரே காலையில் வந்து நிற்கும் நாளில், அந்த நிறுத்தத்தில் பாதிப் பேர் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். கப்பல் பயணிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கப்பல் புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது துறைக்குத் திரும்பிவிடும் வகையில் திட்டமிடுங்கள். கடைசி வண்டியை நம்பி நீலக் குகையில் நிற்பது ஆபத்தான விளையாட்டு.

வல்லெட்டாவிலும் இந்தப் பேருந்தில் இறங்கிப் பார்க்கலாமா?

வேண்டாம். வல்லெட்டாவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். 1565ஆம் ஆண்டு ஒட்டோமான் படையின் பெரும் முற்றுகை முறியடிக்கப்பட்ட பிறகு, புனித யோவான் வீரத்துறவியர் சபையின் தலைவரான ழான் தெ லா வலெட் 1566இல் அடிக்கல் நாட்டிய நகரம் இது. நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்த நகரம் என்று சொல்லலாம். பெரும்பாலான பேருந்துகள் உள்ளே போவதில்லை, டிரைடன் நீரூற்றைச் சுற்றி நகர வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

உள்ளே புனித யோவான் இணைப்பேராலயத்துக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் படைக்கலக் கொட்டில் போல மொட்டையாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் உள்ளே காலடி வைத்ததும் கண் கூசும். தரை முழுவதும் வீரத்துறவிகளின் கல்லறைப் பலகைகள். வண்ணப் பளிங்கை வெட்டிப் பதித்து, எலும்புக்கூடுகளும் மணற்கடிகாரங்களும் குலச்சின்னங்களும் வரைந்திருக்கிறார்கள். அந்தப் பளிங்கு சேதமாகாமல் இருப்பதற்காகக் கூர்மையான குதிகால் செருப்புகளுக்கு அனுமதி இல்லை. கரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய, திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் இங்குள்ள வழிபாட்டுக் கூடத்தில் இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் அது. யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார்.

ஸ்லீமாவிலிருந்து வல்லெட்டாவுக்குப் படகில் பத்து நிமிடம் போதும். சாலை வழியாக நீர்நிலையைச் சுற்றிக்கொண்டு போகும் எந்த வண்டியையும்விட அது விரைவானது, இதமானது. மேல் பரக்கா தோட்டத்தில் நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பீரங்கி முழங்குவதைப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நேரத்துக்கு ஏற்பப் புறப்படலாம்.

தெற்குச் சுற்றில் அந்த மூன்று நிறுத்தங்கள் எவையாக இருக்க வேண்டும்?

ஹஜார் ஈம், நீலக் குகை, மார்சஷ்லொக் ஆகிய மூன்றும். வழித்தடத்தின் வரிசைப்படி முதலில் வருவது எதுவோ அதில் இறங்குங்கள். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மார்சஷ்லொக்கில் இருக்கும்படி அமைத்துக்கொண்டால் சிறப்பு.

ஹஜார் ஈம் கோயிலும், அதிலிருந்து கடலை நோக்கிச் சரியும் பாதையில் ஏறத்தாழ 500 மீட்டர் தள்ளியிருக்கும் இம்னாய்ட்ரா கோயிலும், கி.மு. 3600க்கும் 2500க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை. அவற்றின் பழைய பகுதிகள் எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தையவை. ஒற்றைக் கல்லாக நிற்கும் பலகைகளில் மிகப் பெரியது 20 டன்னுக்கு மேல் எடை கொண்டது. உலோகக் கருவிகள் இல்லாத மக்கள் அதை எப்படி நிறுத்தினார்கள் என்பதை யோசித்துக்கொண்டே கற்களை அருகில் சென்று பாருங்கள். ஹஜார் ஈம் மென்மையான தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. உப்புக் காற்று அரித்து அரித்து, சில கற்களின் முகம் தேன்கூடு போல ஆகிவிட்டது. கடினமான சுண்ணாம்புக் கல்லை மிகுதியாகக் கொண்டு கட்டப்பட்ட இம்னாய்ட்ரா அவ்வளவு தேயவில்லை. மழையும் வெயிலும் தாக்காமல் இருக்க 2009இல் இரண்டின் மீதும் வெண்ணிறக் கூடாரக் கூரைகளைப் போட்டார்கள். புகைப்படத்துக்கு அந்தக் கூரைகள் இடைஞ்சல் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆகஸ்ட் மாத நண்பகலில் அங்கே நின்றால் முணுமுணுப்பு அடங்கிவிடும். இம்னாய்ட்ராவின் கீழ்க்கோயில் வாயில் வழியாக, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் உதயச் சூரியனின் ஒளி நேராக உள்ளே பாய்கிறது. கடலில் தெரியும் சிறு பாறைத் தீவு ஃபில்ஃப்லா; பிரிட்டிஷ் படையினர் பல ஆண்டுகள் அதைக் குறிபார்த்துச் சுட்டுப் பயிற்சி செய்தார்கள், இப்போது அது இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. இந்த இரண்டு கோயில்களையும் நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும், இம்னாய்ட்ராவிலிருந்து ஏறிவரும் மூச்சிரைப்பு உட்பட.

நீலக் குகைக்குச் சிறு படகில்தான் போக வேண்டும்; சவாரி 20 அல்லது 25 நிமிடம். சூரிய ஒளி பாறை வளைவின் அடியில் நுழைந்து நீரை நீலமாக மின்ன வைக்கும் காட்சிக்கு முற்பகல்தான் ஏற்றது. தெற்கிலிருந்து காற்று அடித்து அலை எழும் நாட்களில் படகு விடமாட்டார்கள். வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன் ஓட்டுநரிடம் "இன்று படகு ஓடுகிறதா" என்று கேட்டுவிடுங்கள். ஓடவில்லை என்றால், சாலையோரப் பார்வை மேடையிலிருந்தே வளைவை மேலிருந்து பார்த்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை மார்சஷ்லொக்குக்குக் கொடுக்கலாம்.

மார்சஷ்லொக் விரிகுடாவில் மிதக்கும் லுட்சு படகுகளை நிழற்படங்களில் பார்த்திருப்பீர்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாகத் தீட்டி, முகப்பின் இருபுறமும் செதுக்கிய ஒரு ஜோடிக் கண்களைப் பொருத்தியிருக்கிறார்கள். கடலில் தீங்கு அண்டாமல் இருக்க வைக்கப்படும் அந்தக் கண்களை அருகில் பார்த்தால், ஆண்டுதோறும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசிய வண்ணம் தடித்துப்போய், இமை போலப் புடைத்திருப்பது தெரியும். கரையோரத்தில் வலைகளை விரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவற்றின் மீது கால் வைத்துவிடாதீர்கள். 1989 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பசேவும் பனிப்போரின் முடிவைப் பற்றிப் பேசியது இந்த விரிகுடாவில் நின்ற கப்பலில்தான். புயல் வீசி, திட்டமிட்டிருந்த சந்திப்புகளைக் குலைத்துப் போட்டது என்பது கூடுதல் செய்தி.

ஹல் சஃப்லியேனி நிலத்தடிக் கோயிலையும் அதே சுற்றில் பார்க்கலாமா?

பேருந்து பாவ்லா ஊரில் அதன் அருகே நிற்கும். அதனால் உள்ளே போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பாறைக்குடைவு, மூன்று அடுக்குகளாக நிலத்துக்குள் இறங்குகிறது. மனிதர்களின் மூச்சுக்காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் உள்ளிருக்கும் செங்காவி ஓவியங்களைக் கெடுப்பதால், நாளொன்றுக்கு 80 பேர் மட்டுமே, பத்துப் பத்துப் பேராக, அனுமதிக்கப்படுகிறார்கள். பல வாரங்கள், கோடையில் சில மாதங்கள் முன்பே டிக்கெட் தீர்ந்துவிடும். டிக்கெட் கிடைத்தவர்கள் குறித்த நேரத்துக்கு அங்கே இருந்தாக வேண்டும் என்பதால், நெரிசலில் தாமதமாகும் சுற்றுலாப் பேருந்தை நம்பாமல் நேராகப் போவதே நல்லது. டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு, நடந்துபோகும் தொலைவிலுள்ள தர்ஷியென் கோயில்களில் முன்பதிவுத் தொல்லை இல்லை.

வடக்குச் சுற்றில் போகிறவர்கள் எங்கே இறங்குவது?

இம்தினாவிலும் மோஸ்தாவிலும். மூன்றாவதாக, நீந்த விரும்புபவர்கள் கடற்கரை நிறுத்தம் ஒன்றில் இறங்கலாம். மற்றவர்கள் அந்த நேரத்தையும் இம்தினாவை ஒட்டிய ராபாத் ஊருக்குக் கொடுத்துவிடலாம்.

இம்தினா மால்டாவின் பழைய தலைநகரம். 1693 நிலநடுக்கத்தில் இடிந்த பேராலயத்தைக் கட்டடக் கலைஞர் லொரென்சோ கஃபா மீண்டும் கட்டினார். மதிலுக்குள் வாழ்பவர்கள் சில நூறு பேர்தான். வெளியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தெருக்கள் வேண்டுமென்றே வளைந்து போகின்றன, நிழலும் நிறைய. கொத்தளச் சதுக்கத்துக்குப் போய் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்தால், வயல்களுக்கு அப்பால் மோஸ்தாவின் குவிமாடமும் அதற்கும் அப்பால் கடலும் தெரியும். ராபாத்தில் புனித பவுலின் நிலத்தடிக் கல்லறைகள் இருக்கின்றன. இறந்தவர்களின் நினைவாக உறவினர் கூடி உண்பதற்கு, பாறையிலேயே வட்டமாக வெட்டிய மேசைகள் அங்கே உள்ளன. சாய்ந்து படுத்துக்கொண்டு உண்ணச் சரிவான திண்ணையும் சுற்றிலும் வெட்டியிருக்கிறார்கள்.

மோஸ்தா தேவாலயத்தின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1942 ஏப்ரல் 9 அன்று மாலை, உள்ளே மக்கள் திருப்பலிக்காகக் கூடியிருந்தபோது ஜெர்மானிய விமானம் போட்ட குண்டு குவிமாடத்தைத் துளைத்து உள்ளே விழுந்தது, வெடிக்கவில்லை. அதன் மாதிரி ஒன்றைப் பக்க அறையில் வைத்திருக்கிறார்கள். அதைவிட எனக்கு வியப்பூட்டுவது அந்தக் கட்டடம் எழுந்த விதம். இருந்த சிறிய தேவாலயத்தை இடிக்காமல், அதைச் சுற்றியே புதிய வட்டச் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். 1833இல் தொடங்கி ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் ஊர்மக்கள் பழைய கோவிலிலேயே வழிபட்டு, புதியது தயாரான பிறகு உள்ளே இருந்ததை அகற்றினார்கள். இதைப் பார்க்க 40 நிமிடம் போதும். திருப்பலி நேரங்களில் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

மேல்தளத்தில் உட்காருவதா, கீழே உட்காருவதா?

நவம்பர் முதல் மார்ச் வரை மேல்தளத்தில் காற்று குத்தும். மெல்லிய மேலாடையாவது வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சிக்கல் வேறு. வண்டி ஓடும்போது காற்று தழுவிக்கொண்டே இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது. மால்டாவின் சுண்ணாம்புக் கல் வீடுகளும் சுவர்களும் ஒளியைத் திருப்பி வீசுவதால் நம் தோலும் கருகித் தோலுரியும், வெயில் பழகியவர்கள் என்ற நினைப்பு உதவாது. தொப்பி காற்றில் பறக்கும்; நாடா வைத்த தொப்பியோ தலையில் கட்டிய துணியோ நல்லது. கிராமத் தெருக்களில் மரக்கிளைகளும் பால்கனிகளும் தலைக்கு மிக அருகில் வரும் என்பதால் வண்டி ஓடும்போது எழுந்து நிற்கக் கூடாது. காலையில் மேலே, மதியத்துக்குப் பிறகு கீழே என்று வைத்துக்கொள்வது பெரும்பாலோருக்கு ஒத்துவரும்.

ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

மார்சஷ்லொக்கின் பெரிய மீன்சந்தை கூடுவது ஞாயிறு காலையில்தான். வாளைமீனும் கணவாயும் பனிக்கட்டியில் பரப்பியிருக்கும் அந்தக் காட்சிக்காகவே போகலாம். ஆனால் அதே எண்ணத்தோடு பாதித் தீவும் அங்கே வந்திருக்கும். சாலை அடைத்துக்கொள்ளும், பேருந்து பிந்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லெட்டாவின் இணைப்பேராலயம் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். கோடை மாதங்களில் ஒவ்வொரு ஊரிலும் அதன் காவல் புனிதரின் திருவிழா நடக்கும். அந்த ஊர்த் தெருக்களை அடைத்துவிடுவதால் வழித்தடம் திடீரென மாறக்கூடும்.

சைவ உணவுக்காரர்கள் என்ன சாப்பிடுவது?

பாஸ்டிட்சி. மெல்லிய அடுக்குகளாக மொரமொரவென்று சுட்ட மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ மசித்த பட்டாணியோ வைத்திருப்பார்கள். பட்டாணிப் பூரணம் நம் ஊர் சமோசாவின் உள்ளீட்டை நினைவூட்டும், காரம் மட்டும் குறைவு. மலிவானது, நின்றுகொண்டே தின்றுவிடலாம். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் பழைய வழக்கம் சில இடங்களில் இருப்பதால், கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. தக்காளி, ஆலிவ் எண்ணெய், கேப்பர் மொக்கு வைத்த ஃப்தீரா ரொட்டியும் உண்டு. அதில் வழக்கமாகச் சூரை மீன் சேர்ப்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். ஃப்தீரா தயாரிக்கும் மரபை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மீன் சாப்பிடுபவர்கள் இலையுதிர் காலத்தில் போனால் லம்புக்கி மீனைக் கேட்டு வாங்குங்கள்.

பேருந்துக்குள் உணவு, தள்ளுவண்டி, சக்கர நாற்காலி?

தண்ணீர் கொண்டுபோகலாம், ஐஸ்கிரீமோடு ஏற விடமாட்டார்கள். குழந்தைகளின் தள்ளுவண்டியை மடித்துக் கீழ்த்தளத்தில் வைக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கான சரிவுப்பலகை எல்லா வண்டிகளிலும் இருப்பதில்லை என்பதால் டிக்கெட் வாங்குவதற்கு முன் நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோசோ தீவையும் இதே டிக்கெட்டில் பார்க்கலாமா?

பொதுவாக இல்லை. கோசோவில் தனிச் சுற்று ஓடுகிறது. அதற்குத் தனி டிக்கெட், தனி நாள். மால்டாவின் சிர்க்கெவ்வா துறையிலிருந்து கப்பலில் 25 நிமிடத்தில் கோசோவின் இம்ஜார் துறையை அடையலாம். போகும்போது கட்டணம் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். கோசோவின் சாலைகளில் நெரிசல் குறைவு, தொலைவும் குறைவு என்பதால் அங்கே நான்கு நிறுத்தங்கள்கூட சாத்தியம்: ஜ்கன்தீயா கோயில்கள், விக்டோரியா நகரின் கோட்டை, த'பீனு தேவாலயம், துவெய்ரா. பழைய சுவரொட்டிகளில் இன்னும் தென்படும் துவெய்ராவின் "நீலச் சாளரம்" என்னும் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. அதைத் தேடிப் போகாதீர்கள்; உள்கடல் எனப்படும் சிறு ஏரிக்காகவும் செங்குத்துப் பாறைகளுக்காகவும் போகலாம்.

கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால்?

பதற வேண்டியதில்லை. நிறுத்தங்கள் எல்லாவற்றின் அருகிலும் பொதுப் பேருந்து நிறுத்தம் உண்டு. அதில் ஏறும்போது வாங்கும் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும், இடையில் வண்டி மாறலாம். தீவின் பெரும்பாலான தடங்கள் வல்லெட்டாவில் முடிவதால், முதலில் வரும் வல்லெட்டா வண்டியில் ஏறி, அங்கிருந்து ஸ்லீமாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தால் மட்டும் போதாது. வண்டி வருவதைக் கண்டதும் கையை நீட்ட வேண்டும், இல்லையென்றால் நிற்காமல் போய்விடும். இடம் நிரம்பிய வண்டியும் நிற்காது. செயலி மூலம் அழைக்கும் வாடகைக் கார்களும் தீவெங்கும் கிடைக்கின்றன. ஹஜார் ஈம் போன்ற ஒதுக்குப்புறத்தில் மூன்று நான்கு பேராக மாட்டிக்கொண்டவர்கள், பிரித்துக் கொடுத்தால் அது பெரிய செலவாக இருக்காது.